சூடு ட்யூப்

மாமா,

நேற்று மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அந்த வாசனை வந்தது. தூசி காய்ந்து கருகுகிற வாசனை. வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடந்த லைட்டைத் துடைக்காமல் கொள்ளாமல் அப்படியே கரண்ட் கொடுத்துப் பார்ப்பீர்களே, அப்போது வீடு முழுக்க அடிக்குமே, அதேதான். கீரைக்காம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "வந்துட்டீங்களா, நாஷ்டா கூட பண்ணாம எங்க போனீங்க" என்று கேட்கப் போய்விட்டேன். வாய் பாதி திறந்த பிறகுதான் உங்களுக்கு முதல் தெவசமே கொடுத்தாகிவிட்டது என்று உறைத்தது. அப்புறம் கீரை எங்கே ஓடியது. அப்படியே சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அழுதால் அழுதேன் என்று சொல்வதில் எனக்கென்ன வெட்கம்.

கூடத்தில் நம் மகன் சேகரும் அவன் கூட்டி வந்த சென்னைப் பிள்ளையும் உங்கள் லைட் ஒன்றுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்குப் பழைய லைட்டுகள் சேர்ப்பதுதான் பொழுதுபோக்காம். சேகரோடு வேலை செய்யும் யாரோ சொல்லி, உங்கள் ட்ரங்க் பெட்டிகளைப் பார்க்க கும்மிடிப்பூண்டி வரைக்கும் ரயிலேறி வந்திருக்கிறது. வந்ததும் செருப்பைக் கழற்றினதோ இல்லையோ, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, "அடேயப்பா" என்று ஒரு மூச்சு விட்டது. உங்களுக்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்து அப்படி மூச்சு விட்ட முதல் ஆள் அதுதான். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேரும் சோறு தண்ணி இல்லாமல் பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

பார்க்கிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று புரியாது. சப்பாத்திக் கட்டை நீளத்தில், அதே பருமனில் கண்ணாடிக் குழாய்கள். சிலதுக்கு இரண்டு முனையிலும் பித்தளை மூடி, சிலதுக்கு ஒரு பக்கம் மட்டும். உள்ளே ஒரு மெல்லிய கம்பி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடும். அந்தக் கம்பிதான் சிவந்து பழுத்து வெளிச்சம் தரும். குண்டு பல்பை இழுத்து நீட்டினால் எப்படியோ அப்படி. வெளிச்சத்தோடு சூடும் வரும். ஊரில் எல்லோரும் அதையும் ட்யூப் லைட் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். உங்களுக்கு மட்டும் மூக்குமேல் கோபம் வரும்.

"ட்யூப் லைட்டுன்னா ஸ்விட்ச்ச போட்டா யோசிக்கும். கண்ண சிமிட்டும். அப்பறம்தான் எரியும். இது போட்டதும் எரியறது. இதப் போய் அதோட சேக்கறியே."

"ஆமா, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் குழாதான்."

"அதான் உன்ன ட்யூப் லைட்டுன்றேன். சொன்னா லேட்டாத்தான் எரியும் உனக்கு."

"எந்த ட்யூப் லைட்டு மாமா? யோசிக்கறதா, யோசிக்காம எரியறதா?"

அன்றைக்கு நீங்கள் முழித்த முழி இன்னும் கண்ணில் இருக்கிறது. அதற்கப்புறம் இரண்டையும் பிரித்துச் சொல்ல நமக்குள் ஒரு பெயர் வைத்துக்கொண்டோம். வெள்ளையாக எரிவது ட்யூப் லைட். மஞ்சளாக எரிந்து கை வைத்தால் சுடுவது சூடு ட்யூப். நம் இரண்டு பேரைத் தவிர அந்தப் பெயர் வேறு யாருக்கும் தெரியாது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது நமக்கும் தெரியவில்லை.

ஆரணியில் அத்தை மகனான உங்களைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தபோது எனக்கு ஊர் பிடிக்கவே இல்லை. ஆரணி என்றால் ஆற்றங்கரை, நெல், தறிச்சத்தம். இங்கே பார்த்தால் முள்ளுக்காடு, செம்மண், நடு நடுவே புதுசாக எழும்புகிற கம்பெனிச் சுவர். லாரி போனால் வீட்டுக்குள் உலையில் மண். நீங்கள் கம்பி இழுக்கும் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். காலை ஷிப்ட், மத்தியான ஷிப்ட் என்று மாறி மாறிப் போவீர்கள். ரயில்வே கேட் பக்கத்தில் ஒரே அறையும் சமையற்கட்டும் கொண்ட வாடகை வீடு. அதில் ஜன்னல் இல்லாத மூலையில் என் கண்ணாடி. பொட்டு வைத்தால் நெற்றியில் இருக்கிறதா புருவத்தில் இருக்கிறதா என்று தெரியாது. ஒரு நாள் நீங்களே சிரித்துவிட்டீர்கள். மறுவாரம் பாய் கடையிலிருந்து காகிதத்தில் சுற்றி இரண்டு குழாய் கொண்டுவந்தீர்கள்.

பாய் பழவேற்காட்டுக்காரர். பொன்னேரி ரோட்டில் காயலாங்கடை வைத்திருந்தார். துறைமுகத்தில் உடைக்கிற கப்பலின் சாமான்களெல்லாம் அவர் கடைக்கு வரும். கப்பலில் துரைமார் அறையில் முகம் பார்க்கிற கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் போடுகிற லைட்டாம் அது. ஆசையாக வாங்கி வந்ததில் ஒன்றை நீங்கள் மாட்டினீர்கள். ஸ்விட்சைப் போட்டதும் கண் கூசுகிற மாதிரி ஒரு வெள்ளை, உடனே பட்டென்று ஒரு சத்தம், வீடே இருட்டு. நான் பயந்து கத்தினேன். நீங்கள் மட்டும் புது ஜாக்கெட் கிழிந்த மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

மறுபடியும் பாயிடம் போய் இன்னொன்று வாங்கி, இந்தத் தடவை மாட்டுவதற்கு முன்னால் குழாயை வாய்க்கிட்ட கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினீர்கள். கண்ணாடி பனி மூடினதும் அதில் ஓர் எழுத்து எழும்பியது. வெறும் கண்ணுக்கு அழிந்துபோன எழுத்து, மூச்சு பட்டால் மட்டும் தெரிந்தது. சின்னதாக ஒரு நட்சத்திரம், அதன் கீழே நூற்றுப்பத்து என்ற எண்.

"பாத்தியா, இது நூத்திப்பத்து வோல்ட்டு. கப்பல் கரண்ட்டு. நம்ம ஊட்டு கரண்ட்டு இதுக்கு டபுள். தனியா தாங்காது. ரெண்ட ஒண்ணா சீரியல்ல கட்டினா ஆளுக்குப் பாதியா வாங்கிக்கும்."

அப்படியே ஒன்றின் முனையை இன்னொன்றின் முனையோடு சேர்த்துக் கட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று மாட்டினீர்கள். இரண்டும் சேர்ந்து எரிந்தன. மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி என் முகம் கண்ணாடியில் தெரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு நான் அழகாகத்தான் இருந்தேன். நீங்களும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்ணு ஃப்யூஸ் ஆனா இன்னொண்ணும் அணைஞ்சுடும், அது ஒண்ணுதான் பேஜாரு" என்று லைட்டைப் பற்றிப் பேசினீர்கள். அப்படிப்பட்ட மனுஷனைத்தான் கட்டினேன்.

அடுத்த வருஷம் பாப்பா பிறந்தாள்.

இதை எழுத ஆரம்பித்ததும் கை நின்றுவிட்டது மாமா. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் நாம் இரண்டு பேரும் இதை வாய்விட்டுப் பேசினதே இல்லை. இன்றைக்குப் பேசிவிடுகிறேன். குறுக்கே பேச நீங்கள் இல்லை.

நாள் நிறையாமல் பிறந்துவிட்டாள். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். அங்கே ஒரு கட்டிலுக்கு இரண்டு தாய். பிள்ளையைப் பார்த்த டாக்டரம்மா, "பால் குடிக்கறா. ஊட்டுக்குக் கூட்டினு போங்க. ஆனா சூடு குறையக் கூடாது. இந்தப் பிள்ளைக்கு உடம்புல சொந்தமா சூடு கிடையாது, நீங்கதான் குடுக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். உங்கள் ஒரு கைக்குள் அடங்கிவிடுவாள். விரல்கள் வெந்தயக்கீரைக் காம்பு மாதிரி. ரயிலில் வரும்போது முழுக்க என் மாராப்புக்குள்தான் இருந்தாள். நீங்கள் எதிர் ஸீட்டில் உட்கார்ந்து எதையோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தீர்கள். என்ன கணக்கு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கம்பெனியில் பார்சல் வருகிற பலகையைக் கேட்டு வாங்கி வந்து நீளமாக ஒரு பெட்டி அடித்தீர்கள். மெத்தைக்கு வெட்டின வேட்டி, அதன் கீழே பஞ்சு. முதலில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டுப் பார்த்தீர்கள். தலைமாட்டில் சுட்டது, கால்மாட்டில் குளிர்ந்தது. பல்பைக் கழற்றிவிட்டு நேராக என் கண்ணாடிக்கிட்டே போனீர்கள். இரண்டு சூடு ட்யூபையும் எடுத்துப் பெட்டியின் இரண்டு பக்கமும் படுக்கப்போட்டு, பிள்ளை கை பட்டுவிடாமல் கம்பிவலை அடித்து, சீரியலில் கட்டிப் போட்டுவிட்டீர்கள். தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரே மாதிரிச் சூடு. உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "பதமா இருக்குது, வெயில் ஏறாத காத்தால மாதிரி" என்றீர்கள். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து வேடிக்கை பார்த்தார்கள். மாம்பழம் பழுக்கப் போட்ட மாதிரி இருக்கிறதே என்று ஒருத்தி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெட்டி ஓரமாகவேதான் எனக்குப் பொழுது விடிந்தது, பொழுது போனது. பிள்ளையைப் பார்ப்பேன், இந்தப் பக்கத்து லைட்டைப் பார்ப்பேன், அந்தப் பக்கத்து லைட்டைப் பார்ப்பேன். உள்ளே ஓடும் கம்பியை நடுவில் தாங்கிப் பிடிக்கிற குட்டிக் கொக்கிகள், ஓரத்தில் உருக்கி மூடின இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் கண்ணாடி மூக்கு, பித்தளை மூடியில் இருந்த கீறல் எல்லாம் எனக்கு மனப்பாடம். உங்களுக்கு எல்லா லைட்டும் தெரியும். எனக்கு அந்த இரண்டுதான் தெரியும்.

பெயர் வைக்கவில்லை. தீட்டுக் கழித்துத் தொட்டில் போடும்போதுதான் பெயர், அதற்கு முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆகாது என்பது நம் வழக்கம். அதிலும் இப்படிப் பிறந்த பிள்ளைக்கு யாரும் அவசரப்பட மாட்டார்கள். பாப்பா என்றே கூப்பிட்டோம். நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்ததும் கால் கூடக் கழுவாமல் பெட்டிக்கிட்ட குனிந்து, "இன்னா பாப்பா, கரண்ட்டு வந்துகினு இருக்குதா" என்று கேட்பீர்கள். அவள் உங்கள் குரலுக்கு உதட்டைச் சுழிப்பாள். பெரியபாளையத்தாளுக்கு வேண்டிக்கொண்டேன், பிள்ளை தேறினால் வேப்பிலையையே சேலையாகக் கட்டி அந்த அம்மன் கோயிலைச் சுற்றி வருகிறேன் என்று.

கொஞ்சம் சதை பிடிக்கிற மாதிரி இருந்தது. கன்னம் கூட லேசாக உப்பியது. அப்போதுதான் ஒரு நாள் காலையில், நீங்கள் கம்பெனிக்குப் போன கொஞ்ச நேரத்தில், இரண்டு லைட்டும் ஒன்றாக அணைந்தன. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். தெருவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கழற்றிக் காதுக்கிட்ட வைத்து ஆட்டினேன், நீங்கள் செய்கிற மாதிரி. உள்ளே அறுந்த கம்பி கிணிகிணி என்றது.

ஆரணியிலிருந்து என் தம்பி வந்திருந்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போய் உடனே ஒரு ட்யூப் வாங்கி வாடா என்று விரட்டினேன். "இன்னா ட்யூப்புக்கா?" என்றான். "ட்யூப் லைட்டுடா, இந்த மாதிரி, ஓடு" என்றேன். இருந்த பதற்றத்தில் பாய் கடைக்குப் போ என்று சொல்லத் தோன்றவில்லை. நாம் வைத்த பெயரை அவனிடம் சொன்னால் அவனுக்கு என்ன புரியப்போகிறது. அவனும் மூச்சிரைக்க மிதித்துப் போய், ரொம்ப நேரம் கழித்து, தோள்மேல் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை ட்யூப் லைட்டும் அதற்கான பட்டியும் ஸ்டார்ட்டருமாக வந்து நின்றான். "கடைக்காரன் இதான் புச்சுன்னான்க்கா. நம்ம ஊட்டுக்கு வெளிச்சம் தூக்கும்." பாவம், அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான். அவனை ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. என்ன சொல்வது. ஊரே அப்படித்தானே சொல்கிறது. பாப்பாவை எடுத்து மாரோடு போட்டு, மேலே இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தான் தம்பி.

கம்பெனிக்கு ஆள் சொல்லி அனுப்பி, நீங்கள் வந்து பார்த்துவிட்டு, பாய் கடைக்கு ஓடினீர்கள். பாய் கடையை முழுக்கக் கவிழ்த்துத் தேடியிருக்கிறார். நட்சத்திரம் போட்டது கிடைக்கவில்லை. அதே நீளம், அதே மூடி, ஆனால் நட்சத்திரம் இல்லாத ஒன்றைக் கொடுத்து, "இப்பத்திக்கு இத போட்டுப் பாருங்க, அல்லா இருக்கான்" என்றாராம். வந்து மாட்டினீர்கள். புதுசு மங்கலாகச் சிவந்தது. நம்முடைய மிச்சமிருந்த பழசு வெள்ளை வெளேரென்று எரிந்து, பட்டென்று போயிற்று. ஜோடி சேராத லைட்டைச் சீரியலில் போட்டால் ஒன்று மற்றதன் பங்கையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும் மாமா. தெரிந்தும்தான் போட்டீர்கள். வேறு என்ன செய்திருக்க முடியும்.

குண்டு பல்புகளை வாங்கி வந்து பெட்டியைச் சுற்றி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தீர்கள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டபடியே உட்கார்ந்திருந்தீர்கள். பிள்ளை மூச்சு விடும்போது விலா உள்ளே போக ஆரம்பித்தது. மறுபடியும் மெட்ராஸுக்கு ஓடினோம். அங்கே போன மறுநாள் போய்விட்டாள்.

டாக்டரம்மா நம் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். "இது சூட்டால இல்லம்மா. நெஞ்சு முழுசா வளரல. மூச்சு பத்தல. நீங்க இவ்ளோ நாள் வெச்சிருந்ததே பெருசு." நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டீர்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆட்டினீர்கள். நான் அதை நம்பினேன். நம்பினதால்தான் பிழைத்துக் கிடந்தேன். நீங்களும் நம்பிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு நீங்களும் தம்பியும் ஈரத்துணியோடு வந்தீர்கள். பெற்றவள் போகக் கூடாது. எந்த இடம் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் காட்டவில்லை. பெட்டியை என்ன செய்தீர்கள் என்றும் தெரியாது. நான் எழுந்து நடமாட ஆரம்பித்தபோது வீட்டில் அது இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, சட்டை மாற்றி, பாய் கடைக்குப் போனீர்கள். நட்சத்திரம் இல்லாத ஏதோ ஒரு லைட்டோடு வந்தீர்கள். அந்த ஞாயிறு ஆரம்பித்தது, அப்புறம் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. திருவள்ளூரில் ஒரு சலூனை மூடுகிறார்களாம், கண்ணாடிக்கு மேலே இருந்த லைட்டைக் கழற்றப் போனீர்கள். பள்ளிப்பட்டில் நகைக்கடை ஷோகேஸைப் பிரிக்கிறார்கள் என்று பஸ் பிடித்துப் போய், தெலுங்கு பேசுகிற சேட்டிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒன்று வாங்கி வந்தீர்கள். மூர் மார்க்கெட், துறைமுகம், ஸ்டூடியோ, டெண்டு கொட்டாய் எல்லாவற்றிலும் உங்களுக்கு ஆள் இருந்தார்கள். பால் கண்ணாடி, தெளிவுக் கண்ணாடி, வளைந்த கம்பி, நேர்க் கம்பி, பக்கத்தில் மூக்கு வைத்தது, நுனியில் மூக்கு வைத்தது என்று வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்துப் பாடம் நடத்துவீர்கள். ஆணி அடிக்க ஆள் கூப்பிட்டால் வராத மனுஷன், லைட் என்றால் பாதி சாப்பாட்டில் எழுந்து போனீர்கள்.

எனக்குக் கோபம் வராமல் இருக்குமா. சேகர் பிறந்து, தவழ்ந்து, பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிட்டான். ஒரு தடவை பாய் கடைக்கே போய்ச் சண்டை போட்டேன்.

"இன்னா பாய், எங்க ஊட்ல நிக்க எடம் இல்ல. உடைஞ்ச கப்பல்லாம் எங்க ஊட்லதான் கரை ஏறுது."

பாய் சிரித்தார். "நானா குடுக்கறேன் தங்கச்சி? அவருதான் வந்து ஒவ்வொண்ணா எடுத்து ஊதறாரு. எத எடுத்தாலும் மொதல்ல ஒரு ஊது. ஊதிட்டு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுது. அப்பறம் அதையும் வாங்கினுதான் போறாரு. எனக்கே பாவமா இருக்குது."

அதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. நீங்கள் சொன்னது சரிதான், நான் லேட்டாக எரிகிற ட்யூப் லைட்தான். ஆம்பளைக்கு ஏதோ ஒரு கிறுக்கு, குடி கூத்தி என்று போகாமல் இதோடு போயிற்றே என்று விட்டுவிட்டேன். எனக்கும் ஒரு வேலை கிடைத்திருந்தது, பால்வாடியில் டீச்சராக. பாப்பா இருந்திருந்தால் சேர்ந்திருக்க வேண்டிய வருஷம் வந்த பெண்பிள்ளைகளை எல்லாம் தேவைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடம் போன அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் ஏன் என்று கேட்டீர்கள். தலைவலி என்றேன். தைலம் தேய்த்துவிட்டீர்கள். நாம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றிக்கொண்டு நன்றாகத்தான் குடும்பம் நடத்தினோம்.

சரி, நேற்றைக்கு வருகிறேன்.

அந்தச் சென்னைப் பிள்ளை ஒவ்வொரு லைட்டாக எடுத்து, ஆட்டி, ஊதி, துடைத்து, வரிசையாகத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளை, பூ மாதிரித்தான் தொட்டது. கடைசிப் பெட்டியைத் திறந்ததும் முகம் குழம்பிவிட்டது. என்னைக் கூப்பிட்டது.

"அம்மா, சார் பெரிய கலெக்டரும்மா. எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு வெச்சிருக்காரு. நாங்களும் அப்படித்தான், ஒரு மாடலுக்கு ஒண்ணு போதும். ஆனா இந்தப் பெட்டி முழுக்க ஒரே மாடலா இருக்கே. அதுவும் ஜோடி ஜோடியா நூல் போட்டுக் கட்டி வெச்சிருக்காரு. எதுக்கும்மா?"

கீரைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பெட்டிக்குள்ளே உங்கள் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, பிள்ளைகளைப் படுக்கவைத்த மாதிரி வரிசையாகக் கிடந்தன. சுற்றியிருந்த துணி விலகின ஒன்றில் குட்டிக் கொக்கிகளைப் பார்த்தேன். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த மூக்கைப் பார்த்தேன். என் கை தானாக அதை எடுத்தது. வாய்க்கிட்ட கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினேன். பனி மூடி, நட்சத்திரம் எழும்பியது. கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து ஊதினேன். நட்சத்திரம். அடுத்தது. அதுவும் நட்சத்திரம். சேகர் என் தோளைப் பிடித்து, "இன்னாம்மா பண்றே" என்றான். நான் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் ஊதிப் பார்த்தேன். மூச்சு வாங்கியது.

ஆக, உங்களுக்கு அது கிடைத்துவிட்டது. எப்போது கிடைத்தது மாமா? சேகர் நடக்க ஆரம்பித்தபோதா, நான் உங்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதா? கிடைத்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் என்ன பேசினீர்கள்? குழம்பு நன்றாக இருக்கிறது என்றீர்களா? கிடைத்த பிறகும் நீங்கள் தேடுவதை நிறுத்தவில்லை. எங்கே பார்த்தாலும் வாங்கியிருக்கிறீர்கள். ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் இன்னொரு ஜோடி. ஒரு பிள்ளை வளர்ந்து பெரியவளாகிக் கல்யாணம் ஆகிப் போகிற வரைக்கும் அணையாமல் எரிகிற அளவுக்குச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். டாக்டரம்மா சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினீர்களே, ஒரு வார்த்தை கூட நீங்கள் நம்பவில்லை. அந்தப் பாரத்தைத் தனியாகவே தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். பக்கத்தில் படுத்திருந்தவளிடம் பாதியைக் கொடுத்திருக்கலாம்.

கோபம்தான் வருகிறது எனக்கு. உங்கள்மேல் இவ்வளவு பாசமும் இவ்வளவு கோபமும் ஒரே நேரத்தில் வந்ததே இல்லை.

அந்தப் பிள்ளையிடம் மற்றதையெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அருமை தெரிந்த கைக்குத்தான் போகிறது, உங்களுக்கும் சம்மதமாகத்தான் இருக்கும். இந்தப் பெட்டி மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அது கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் பழையபடி துணியில் சுற்றிப் படுக்கவைத்துவிட்டுப் போனது.

அது போனதும் சேகர் விடவில்லை. அவனுக்கே தலை நரைத்துவிட்டது, ஆனால் கேட்கிற கேள்வியில் இன்னும் பால்வாடிப் பிள்ளைதான். என் எதிரே தரையில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, சீரியல், தம்பி தோளில் வந்த வெள்ளை லைட், ஏரிக்கரை எல்லாம்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தாளா?"

"இருந்தாடா."

"அப்பா ஒரு நாள் கூட சொல்லலியே."

"எங்கிட்டயே சொல்லலடா."

"அவ பேரு இன்னாம்மா?"

பெயர் வைக்கிறதுக்கு முன்னாடியே போய்ட்டா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பவானி என்று வந்துவிட்டது. பெரியபாளையத்தாளிடம் வேண்டிக்கொண்ட அன்றைக்கே, அந்த அம்மன் பெயரையே எடுத்து மனசுக்குள் வைத்த பெயர். வழக்கத்துக்குப் பயந்து வெளியே சொல்லவில்லை, அவள் போன பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று உங்களிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் மனசுக்குள்ளே அந்தப் பெயரில்தான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்றுத்தான் முதல் தடவையாக என் காதே அதைக் கேட்டது. சேகர் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான், "பவானி அக்கா" என்று.

நீங்களும் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா. மனசுக்குள் நீங்களும் ஒரு பெயர் வைத்திருப்பீர்கள், ஒவ்வொரு கண்ணாடியாக ஊதும்போதும் அந்தப் பெயரைத்தான் சொல்லியிருப்பீர்கள். அவளை நீங்கள் என்னவென்று கூப்பிட்டீர்கள் மாமா?